தாது வருடப் பஞ்சம்: முதன்மைச் சான்றுகளை இணையத்தில் தேடுதல்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணத்தின் தென்பகுதி ஆகியவற்றைத் தாக்கிய பெரும் பஞ்சத்தைத் தமிழில் தாது வருடப் பஞ்சம் என்பர். 1876ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் தாது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தன. அடுத்த ஆண்டு ஈஸ்வர. அதிலும் மழை சரியாகப் பெய்யவில்லை. தானிய விலை ஏறியது, கூலி வேலை நின்றது, பசியைத் தொடர்ந்து காலராவும் அம்மையும் காய்ச்சலும் வந்தன. பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது அந்த அரசே அமைத்த கமிஷனின் கணக்கு. பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் ஏறத்தாழ 55 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவான எண்ணிக்கை வரை செல்கின்றன.

இந்தப் பஞ்சம் பள்ளிப் பாடநூல்களில் சில வரிகளில் முடிந்துவிடும். தமிழ் வாசகர்கள் பலர் இதைப் பற்றி முதன்முதலில் அறிந்தது 2013இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘வெள்ளையானை’ நாவல் வழியாகத்தான். நாவல் ஆர்வத்தைத் தூண்டும். ஆனால் அது சான்று ஆகாது. வரலாற்று ஆய்வில் முதன்மைச் சான்று என்பது நிகழ்ச்சி நடந்த காலத்தில், அதில் பங்கு கொண்டவரோ நேரில் கண்டவரோ உருவாக்கிய ஆவணம். அரசாணை, கடிதம், நாட்குறிப்பு, பத்திரிகைச் செய்தி, மக்கள்தொகைக் கணக்கு, புகைப்படம், கப்பல் பயணிகள் பட்டியல் எல்லாம் இதில் அடங்கும். முன்பு இவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூருக்கோ லண்டனுக்கோ போக வேண்டியிருந்தது. இன்று தருமபுரியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் தம் கைப்பேசியிலேயே அவற்றில் கணிசமான பகுதியைப் படிக்க முடியும்.

இந்த வசதியில் ஒரு கோணல் இருக்கிறது. இணையத்தில் எளிதில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சானதும், அரசு தன் தேவைக்காக அச்சிட்டதும்தான். பஞ்சத்தை நிர்வகித்தவர்களின் குரல் முதல் தேடலிலேயே வந்துவிடும். பஞ்சத்தில் வாடியவர்களின் தடயம் வேறு இடங்களில், வேறு சொற்களில், பெரும்பாலும் வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட தாள்களில் இருக்கிறது. எனவே ஓர் ஆவணம் யாருடைய மேசையிலிருந்து வந்தது, அந்த மேசையில் அப்போது என்ன சண்டை நடந்துகொண்டிருந்தது என்று கேட்காமல் தேடினால், அதிகாரிகளின் கதையையே நாம் இன்னொரு முறை எழுதி முடிப்போம்.

எந்தச் சொல்லை இட்டுத் தேடுவது

தேடுபொறியில் தாது வருடப் பஞ்சம் என்று தமிழில் தட்டினால் அண்மைக்காலக் கட்டுரைகளே வரும். 1877இல் எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. அன்றைய தமிழில் பஞ்சத்துக்குக் கருப்பு, க்ஷாமம், வற்கடம் என்ற சொற்களும் வழங்கின. வருடம் என்பது வருஷம் என்றே பெரும்பாலும் அச்சாகியது. நிவாரணக் கூழ் ஊற்றிய இடத்தை மக்கள் கஞ்சித்தொட்டி என்றனர். இந்தச் சொல்லை இட்டுத் தேடினால் எதிர்பாராத இடங்களில் செய்தி கிடைக்கும்.

ஆங்கில ஆவணங்களுக்கும் இதே விதிதான். திருச்சிராப்பள்ளியைத் டிரிச்சினாபொலி என்றும், திருநெல்வேலியைத் டின்னவெல்லி என்றும், தஞ்சாவூரைத் தாஞ்சூர் என்றும், செங்கல்பட்டைச் சிங்கில்பட் என்றும் அக்கால எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அதிகாரிகள் ‘ஃபேமின்’ என்ற சொல்லை எளிதில் பயன்படுத்தமாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டால் செலவு செய்தாக வேண்டும். ஆகவே ‘ஸ்கேர்சிட்டி’, ‘டிஸ்ட்ரெஸ்’ என்று மென்மையாக எழுதுவார்கள். தட்டுப்பாடு, இடர் என்று பொருள்படும் அந்த இரு சொற்களையும் தேடாமல் விட்டால் 1876ஆம் ஆண்டின் கடைசி மாதங்களுக்குரிய கடிதங்கள் பல கண்ணில் படாது.

தமிழ் அச்சு நூல்களில் தனிச் சிக்கல் இருக்கிறது. அக்கால நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டு மட்டும் இருப்பது உண்டு. ஆண்டைக் குறிக்க ௵ என்ற குறியீடும், எண்களைக் குறிக்கத் தமிழ் எண்களும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது 1816இலும் வந்தது, 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. ஒரு நூலின் முகப்பில் தாது ௵ என்று மட்டும் இருந்தால், எழுத்துருவையும் அச்சகத்தின் பெயரையும் கொண்டு எந்தத் தாது என்று முடிவு செய்ய வேண்டும். நூலகப் பட்டியலில் தட்டச்சு செய்தவர் இதைத் தவறாக மாற்றியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய எழுத்து வடிவங்களைக் கணினி தானாகப் படிக்கும்போது நிறையப் பிழை விடுகிறது. தேடல் பெட்டி எதுவும் இல்லை என்று சொன்னால், அந்த நூலில் இல்லை என்று பொருள் அல்ல. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

ஒரு பவுண்டு தானியம்

பஞ்சத்தைப் பற்றிய அரசு ஆவணங்களை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு சர்ச்சையே போதும். அது நிவாரண வேலைக்கு வந்த ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு உணவு போதும் என்ற சர்ச்சை.

1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் டெல்லியில் பெரும் தர்பார் கூடி, விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்டார். அதே மாதம் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்சத் தூதராகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். சென்னை அரசு கணக்கில்லாமல் செலவு செய்கிறது என்பது கல்கத்தாவின் குறை. டெம்பிள் நிவாரண வேலைகளில் இருந்தவர்களைக் குறைக்கச் செய்தார். எஞ்சியவர்களுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும், அதற்கு மேல் சிறு காசும் நாள் கூலியாகப் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இன்னும் குறைவு.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். வெயிலில் மண் வெட்டும் ஆணுக்கு ஒன்றரைப் பவுண்டு, சுமார் 680 கிராம் தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சிறைக் கைதிகளுக்கு வழங்கிய உணவளவைச் சான்றாகக் காட்டி வாதிட்டார். சில மாதங்களில் சென்னை அரசு இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை ஏற்று, ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது.

இந்த விவாதத்தின் பெரும்பகுதி வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட ‘தி ஃபேமின் கேம்பெயின் இன் சதர்ன் இந்தியா’ என்ற நூலில் இருக்கிறது. இரு தொகுதிகளும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தப் பஞ்சத்தை ஆராய விரும்புபவருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஆனால் டிக்பி யார்? ‘மெட்ராஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர். சென்னையில் நன்கொடை நிதிக் குழுவின் செயலாளர். அவர் சண்டையின் ஒரு பக்கத்தில் நின்றவர். அவர் அச்சிட்டுத் தரும் கடிதங்கள் முதன்மைச் சான்றுகள். எந்தக் கடிதத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்த முறை அவருடைய வாதம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டெம்பிளையும் அப்படியே பார்க்க வேண்டும். 1873–74இல் பீகாரில் தட்டுப்பாடு வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தவர் இதே டெம்பிள்தான். அங்கு உயிரிழப்பு மிகக் குறைவு. அதற்குப் பரிசாகப் பணத்தை வீணடித்தவர் என்ற பழியே அவருக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு வந்தபோது அந்தப் பழியைத் துடைக்கும் அவசரம் அவருக்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். பீகார் தொடர்பான அறிக்கைகளைப் படிக்காமல், 1877இன் குறிப்பை மட்டும் படிப்பவருக்கு அவர் வெறும் கல்நெஞ்சராகத் தெரிவார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது இன்னும் மோசமானது. எவ்வளவு கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று தெரிந்த ஓர் அதிகாரி, மேலிடம் விரும்பியதற்கேற்ப அளவைக் குறைத்தார் என்பதே அது.

பஞ்சம் முடிந்தபின் அமைக்கப்பட்ட இந்தியப் பஞ்சக் கமிஷனின் 1880ஆம் ஆண்டு அறிக்கை அடுத்த முக்கிய ஆவணம். அதன் தலைவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. லிட்டனின் ஆட்சிக்குழுவில் நிதிப் பொறுப்பில் இருந்த ஜான் ஸ்ட்ரேச்சி இவருடைய உடன்பிறந்தவர். அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இந்த உறவு சொல்லப்பட்டிருக்காது. வேறு நூலில்தான் தேட வேண்டும். கமிஷன் உறுப்பினர்களில் ஜேம்ஸ் கேர்டும், சென்னையைச் சேர்ந்த சல்லிவனும் தனியே மாற்றுக் கருத்து எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் பெரும்பாலும் அறிக்கையின் தொடக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கமிஷன் அறிக்கையானாலும் மாற்றுக் கருத்தையும் பின்னிணைப்புகளையும் முதலில் படிப்பது நல்லது. மாவட்ட அதிகாரிகளிடம் கேட்ட கேள்விகளும் அவர்கள் தந்த பதில்களும் பின்னிணைப்பில்தான் இருக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. இத்தகைய அறிக்கைகளில் அட்டவணைகளும் வரைபடங்களும் மடித்து ஒட்டிய பெரிய தாள்களாக இருக்கும். பெருந்திரளாக ஸ்கேன் செய்தபோது பல நூல்களில் அவற்றை விரிக்காமல் மடித்தபடியே படம் எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு வேண்டிய மாவட்டத்தின் இறப்புக் கணக்கு அந்த மடிப்புக்குள் இருக்கலாம். அப்போது வேறொரு நூலகத்தின் பிரதியிலிருந்து எடுத்த ஸ்கேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே நூலுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கூகுள் புக்ஸிலும் ஹாத்திடிரஸ்டிலும் வெவ்வேறு பிரதிகள் இருப்பது வழக்கம். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட நூல்களில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் தாறுமாறாகப் பதிவாகியிருக்கும். முதல் தொகுதி என்று திறந்தால் இரண்டாம் தொகுதி இருக்கும். அவற்றையும் தள்ளிவிடக் கூடாது. வேறெங்கும் இல்லாத நூல்கள் அங்கே உண்டு.

சேலத்தின் கணக்கு

எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு இறப்புப் பதிவேடுகளை நம்ப முடியாது. இறப்பைப் பதிய வேண்டியவர்கள் கிராம அதிகாரிகள். பஞ்சம் முற்றியபோது பதிவு குலைந்தது. வழியில் விழுந்து இறந்தவர்கள் எந்த ஊர்க் கணக்கிலும் சேரவில்லை. ஆகவே மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிடுவதே பழைய வழி. 1871ஆம் ஆண்டுக் கணக்கும் 1881ஆம் ஆண்டுக் கணக்கும் இணையத்தில் கிடைக்கின்றன.

சேலம் மாவட்டத்தில் 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அப்போதைய சேலத்தில் அடக்கம். 1881இல் ஏறத்தாழ 16 லட்சம். பத்து ஆண்டுகளில் 3 லட்சத்து 67 ஆயிரம் பேர் குறைவு. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 1891இல்தான் மக்கள்தொகை மீண்டும் 19 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு மாவட்டம் இருபது ஆண்டுகளில் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

இந்த 3 லட்சத்து 67 ஆயிரத்தை அப்படியே இறந்தவர்களின் எண்ணிக்கையாக எழுதிவிடக் கூடாது. 1871க்கும் 1876க்கும் இடையில் மக்கள்தொகை இயல்பாகக் கூடியிருக்கும். அந்தக் கூடுதலும் சேர்ந்தே அழிந்தது என்பதால் உண்மையான இழப்பு இதைவிட அதிகமாக இருக்கலாம். மறுபக்கம், மாவட்டத்தை விட்டு வெளியேறியவர்களும் இந்தக் குறைவில் இருக்கிறார்கள். பிறக்காமல் போன குழந்தைகளும் இருக்கிறார்கள். இடையில் மாவட்ட எல்லை மாறியதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் எடை போடத் துணை செய்வது மாவட்டக் கையேடு. லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளிவந்தது; பஞ்சம் முடிந்து ஐந்தே ஆண்டுகள். பலர் 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியரோடு நின்றுவிடுகிறார்கள். அது நல்ல நூல்தான்; ஆனால் பஞ்சத்துக்கு நாற்பது ஆண்டுகள் பிந்தியது.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். 1871ஆம் ஆண்டு சென்னை மாகாண மக்கள்தொகை அறிக்கையை எழுதியவர் வேறு யாருமல்ல, அதே டாக்டர் கார்னிஷ்தான். மாகாணத்தில் எத்தனை உயிர்கள் இருந்தன என்று எண்ணி அச்சிட்டவர், ஆறு ஆண்டுகள் கழித்து அந்த உயிர்களுக்கு எத்தனை அவுன்ஸ் தானியம் வேண்டும் என்று வாதாடினார். இறப்பைக் கணக்கிட நாம் இன்று அடிப்படையாக வைக்கும் எண், சர்ச்சையின் ஒரு தரப்பினர் தொகுத்தது. அதனால் அது பொய் என்று ஆகாது. பஞ்சம் வரும் என்று 1871இல் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆய்வேட்டில் இதைக் குறிப்பிடாமல் விடுவது முறையல்ல.

படங்களும் பரவிய செய்திகளும்

எலும்பும் தோலுமாக மனிதர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை இணையத்தில் பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். அவற்றில் பல, சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் இந்தப் பஞ்சத்தின்போது எடுத்தவை. லண்டனில் உள்ள வெல்கம் கலெக்ஷன் தன் தளத்தில் இவற்றுள் சிலவற்றைத் திறந்த உரிமத்தில் வைத்திருக்கிறது. இதே படங்கள் சமூக ஊடகங்களில் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் என்ற குறிப்போடு சுற்றுகின்றன. இடையில் இருப்பது 65 ஆண்டுகள். ஒரு படத்தைக் கட்டுரையில் சேர்க்கும்முன் தலைகீழ்ப் படத் தேடலில் இட்டு, அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் பட்டியல் பக்கம் வரை போய்ப் பார்க்க வேண்டும். எடுத்தவர், ஆண்டு, இடம் என மூன்றும் அங்கே இருக்கும். எடுத்தவரைப் பற்றி உறுதியில்லை என்றால் அதையும் சொல்லியிருப்பார்கள்.

‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ 1877ஆம் ஆண்டு அக்டோபர் 20 இதழில் வெளியிட்ட, நிவாரணத்துக்காக மக்கள் காத்திருக்கும் ஓவியமும் அப்படித்தான். தமிழ்க் கட்டுரைகளில் அது சென்னைக் காட்சியாகப் போடப்படுகிறது. படத்தின் அடியிலேயே பெங்களூர் என்று அச்சாகியிருக்கிறது. யாரோ அந்த வரியை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பரப்பியிருக்கிறார்கள்.

எழுத்திலும் இது நடக்கிறது. பட்டினி கிடப்பவருக்குத் தானம் செய்வதைத் தடுக்க லிட்டன் அரசு 1877இல் ஒரு ‘தரும எதிர்ப்புச் சட்டம்’ கொண்டுவந்தது என்ற செய்தி ஆங்கிலத்திலும் தமிழிலும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருக்கிறது. மைக் டேவிஸ் 2001இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் வழியாக இது பரவியது. ஆனால் இந்தியச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் 1877ஆம் ஆண்டின் 1ஆம் எண். காலவரையறைச் சட்டம் அதே ஆண்டின் 15ஆம் எண். தரும எதிர்ப்புச் சட்டத்தைக் குறிப்பிடும் பக்கங்களில் எண் தென்படுவதில்லை. எண் இல்லாத சட்டத்தைக் கண்டால் சட்டத் தொகுதியைத் திறந்து பார்ப்பதே ஆய்வாளர் செய்ய வேண்டியது. அந்த ஆண்டுகளின் தொகுதிகள் இணையத்தில் உள்ளன. இதற்கிடையே டிக்பியின் நூல் இன்னொன்றைக் காட்டுகிறது. 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஆளுநர் பக்கிங்காம் பிரபு தலைமையில் சென்னையில் பொதுக்கூட்டம் நடந்து, லண்டன் மேயருக்கு உதவி கேட்டு வேண்டுகோள் போயிற்று. அங்கே திறக்கப்பட்ட நிதியில் பெருந்தொகை சேர்ந்தது. கல்கத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. மேலிடத்தின் வெறுப்பு வேறு, சட்டம் வேறு. ஆட்சியின் கொடுமையை நிறுவ நினைப்பவருக்கு, நிரூபிக்க முடியாத ஒரு சட்டத்தைவிட ஒரு பவுண்டு கூலி பற்றிய ஆணை வலுவான சான்று.

தொலைவில் இருக்கும் பத்திரிகைகள்

‘தி ஹிந்து’ பத்திரிகை 1878 செப்டம்பரில்தான் தொடங்கியது, ‘சுதேசமித்திரன்’ 1882இல். ஆகவே பஞ்சத்தின் உச்சத்தை அவற்றில் தேடிப் பயனில்லை. அக்கால ஆங்கிலப் பத்திரிகைகள் பல கட்டணத் தளங்களில் இருக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகிய மூன்றும் இலவசம். மெட்ராஸ் பஞ்சம் பற்றி ஆஸ்திரேலிய நாளிதழ்கள் எழுதின. அங்கே நிதியும் திரட்டப்பட்டது. ட்ரோவ் தளத்தில் கணினி தப்பாகப் படித்த வரிகளை வாசகர்களே திருத்தலாம் என்பதால் தேடல் ஓரளவு நம்பகமானது. ஒன்று மட்டும் கவனம் வேண்டும். ஒரே தந்திச் செய்தியை நாற்பது பத்திரிகைகள் அச்சிட்டிருந்தால் அது நாற்பது சான்று அல்ல, ஒரு சான்று.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான ஹான்சார்டும் இலவசமாகக் கிடைக்கிறது. மதுரையில் இயங்கிய அமெரிக்க மிஷன், திருநெல்வேலியில் இயங்கிய ஆங்கிலிக்க மிஷன் ஆகியவற்றின் ஆண்டறிக்கைகளில் கிராம அளவிலான விவரம் உண்டு. அவை நன்கொடையாளருக்காக எழுதப்பட்டவை என்பதை மறக்காமல் படித்தால், கலெக்டர் கடிதத்தில் இல்லாத ஊர்ப் பெயர்கள் அங்கே கிடைக்கும்.

தமிழில் இருப்பது

தமிழில் நேரடிச் சான்று மிகக் குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. சிவகங்கை அரசவைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ இந்தப் பஞ்சத்தைப் பாடுகிறது. மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் தம்மால் ஆகாது என்று சிவகங்கை ஜமீன்தாருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவதாகக் கதை போகும். அங்கதம் நிறைந்த நூல். நூல் அச்சேறியது 1899இல், அதாவது பஞ்சம் முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து. புரவலரைப் புகழ்வதும் அதன் நோக்கம். இருந்தாலும் மக்கள் எதைத் தின்றார்கள், எதை விற்றார்கள், யாரைத் திட்டினார்கள் என்பதற்கு இதற்கு ஈடான அரசு ஆவணம் கிடையாது.

இத்தகைய நூல்களைத் தேடத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலும், மதுரைத் திட்டமும் உதவும். கும்மி, சிந்து என்ற பெயரில் வந்த மலிவுப் பதிப்புகளைத் தனியாகத் தேட வேண்டும். பஞ்சம் பிழைக்க இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் பற்றி அறிய நூலகம் வலைத்தளத்தில் உள்ள ஈழத்து வெளியீடுகளைப் பார்க்கலாம்.

கிடைத்ததை உடனே தரவிறக்கிக் கொள்வது அவசியம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் மின்தொகுப்புகள் பல மாதங்கள் கிடைக்காமல் போயின. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சில நாட்கள் முடங்கியது. முகவரியை மட்டும் குறித்து வைத்தவர்கள் தவித்தார்கள். நூலின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம், பிரதியை வைத்திருக்கும் நூலகம் ஆகிய ஐந்தையும் எழுதி வைத்தவர்களுக்கு வேறு வழி இருந்தது. அரசாணை எண்ணும் தேதியும் கிடைத்தால் அவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய்த்துறைக் கோப்புகள் பெருமளவு இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. அங்கே கேட்டுப் பெற அந்த எண் வேண்டும்.

பெயர்கள் உள்ள ஓர் ஆவணம்

மேலே சொன்ன எதிலும் பஞ்சத்தில் சிக்கிய சாதாரண மனிதரின் பெயர் கிடைப்பது அரிது. ஹூப்பரின் படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை. நிவாரண முகாமில் அவர்கள் எண்ணிக்கை. மக்கள்தொகைக் கணக்கில் கூட்டுத்தொகை. பெயர் இருப்பது கப்பல் பட்டியலில்.

1860 முதல் 1911 வரை சென்னை, கல்கத்தா துறைமுகங்களிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பட்டியல், டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி–லுதுலி ஆவண மையத்தின் முயற்சியால் இணையத்தில் தேடக்கூடிய வடிவில் வந்திருக்கிறது. கூலி எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம், கப்பலின் பெயர் எனப் பத்திகள் போகும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமியை நான்கைந்து விதமாகத் தேட வேண்டும். ஊர்ப் பெயர் சில இடங்களில் அடையாளமே தெரியாத அளவு சிதைந்திருக்கும். தாலுகாவும் அன்றைய எல்லைப்படி இருக்கும்.

புறப்பட்டதற்கான காரணத்துக்கு அந்தப் பட்டியலில் பத்தி கிடையாது. அதை மாணவர்தான் உருவாக்க வேண்டும். ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கப்பலேறியவர்களை ஆண்டுவாரியாகவும் வயதுவாரியாகவும் எண்ணி, பஞ்சக் கமிஷன் பின்னிணைப்பில் உள்ள தானிய விலையோடு பக்கத்தில் வைக்கலாம். பஞ்சத்துக்கு முந்தைய ஆண்டுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். இல்லாவிட்டால் எல்லாருமே பஞ்சத்தால் போனவர்களாகத் தெரிவார்கள். வட ஆற்காடு மாவட்டம் இதற்கு ஏற்றது. அங்கிருந்து சென்றவர்கள் அதிகம். காக்ஸ் எழுதிய அந்த மாவட்டக் கையேடு 1881இலேயே வெளிவந்துவிட்டதால் ஒப்பிடவும் வசதி.